விட்ஸ்: ஒவ்வொரு ஷேப்பிலயும் என்ன மாறினது, பழசு எடுக்கேக்க எதைப் பார்க்கிறது?

தெகிவளை_ஓட்டி:
வணக்கம். கொழும்புக்குள்ள ஓடுறதுக்குப் பழைய டொயோட்டா விட்ஸ் கார் ஒண்டு தேடுறன். விளம்பரங்களில 'விட்ஸ் 2008', 'விட்ஸ் 2012', 'சேஃப்டி எடிஷன்' எண்டு ஆண்டையும் ஷேப்பையும் (எத்தினையாவது தலைமுறை எண்டதை) மட்டும்தான் போடுறாங்கள். உள்ளுக்கை என்ன மாறினது, எந்த எஞ்சினுக்கு என்ன வருத்தம் வரும் எண்டு விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. ஓட்டம் பெரும்பாலும் காலி வீதியும் ஹைலெவல் வீதியும்தான். இடைக்கிடை நாலு பேரோட கண்டிக்கும் போக வேணும்.

சேசி_தட்டு:
ஆண்டைக் கேட்காதீர்கள், சேசி இலக்கத்தின் தொடக்கத்தைக் கேளுங்கள். ஜப்பான் சந்தைக்குச் செய்த வண்டிக்கு 17 எழுத்து இலக்கம் கிடையாது. 'கேஎஸ்பி90' மாதிரி ஒரு முன்னொட்டும், கோடு போட்டு அதன் பின்னால் தொடர் இலக்கமும்தான் இருக்கும். அந்த முன்னொட்டிலேயே எல்லாம் தெரிந்துவிடும். எஸ்சீ என்றால் எஸ்செட் எஞ்சின், கேஎஸ் என்றால் கேஆர், என்சீ என்றால் என்செட், என்எஸ் என்றால் என்ஆர், என்எச் என்றால் ஹைபிரிட். பின்னால் வரும் எண் 10, 13, 15 என்றால் முதல் தலைமுறை. 90, 91, 95 இரண்டாவது. 130, 131 மூன்றாவது. மூன்றாவது ஷேப் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2010 டிசம்பர் கடைசியில். ஆகவே இங்கே 2011இல் பதிந்த வண்டி 90 ஆகவும் இருக்கலாம், 130 ஆகவும் இருக்கலாம். பதிவுச் சான்றிதழில் உற்பத்தி ஆண்டு, பதிவு ஆண்டு இரண்டும் தனித்தனியே இருக்கும். விளம்பரக்காரர் தனக்கு வசதியானதைத்தான் போடுவார்.

இனி வரலாறு. ஸ்டார்லட்டை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் டொயோட்டா கொண்டுவந்ததுதான் விட்ஸ், 1999 ஜனவரியில். வடிவமைத்தவர் சோதிரிஸ் கோவோஸ் என்ற கிரேக்கர். ஐரோப்பாவில் யாரிஸ் என்ற பெயரில் போய் 2000ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருதை வாங்கியது, ஜப்பானிலும் 1999-2000 விருது கிடைத்தது. நீளம் 3610 மி.மீ., முன் பின் சில்லுகளுக்கு இடையே 2370. இரண்டாவது ஷேப் 2005 பெப்ரவரியில், 3750க்கு 2460. மூன்றாவது 3885க்கு 2510, 2017 ஜனவரி முகமாற்றத்தோடு 3945. 2020 பெப்ரவரியில் ஜப்பானிலும் பெயர் யாரிஸ் ஆனபோது 3940க்கு 2550.

இப்போது 1.0 எஞ்சின்களின் வலுவைப் பாருங்கள். முதல் ஷேப்பின் 1எஸ்செட் 70 குதிரைவலு. அடுத்த 1கேஆர் 71. 2014இல் திருத்திய 1கேஆர் 69. வண்டியோ 850 கிலோ அளவில் தொடங்கி, இரண்டாவது ஷேப்பிலேயே 1000 கிலோவை நெருங்கிவிட்டது. உடம்பு வளர்ந்தது, எஞ்சின் வளரவில்லை. 'பழைய விட்ஸ் சுறுசுறுப்பு, புதுசு சோம்பல்' என்று சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான். மெக்கானிக்கின் கைராசியில் ஒன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனை_ஸ்பனர்:
சேசி அண்ணன் சொன்னது சரி. நான் பழுது பக்கத்த சொல்றேன்.

முதல் ஷேப், எஸ்சீபி10. நாலு சிலிண்டர், 997 சீசீ, டைமிங் செயின். பெல்ட் மாத்தணும்னு யாராவது காசு கேட்டா அந்தக் கடைப் பக்கம் போகாதீங்க. ஒடோ கியர் நாலு ஸ்பீட், அதுக்கு டீ-ஃபோர் ஒயில். சீவீடீ (பல்சக்கரத்துக்குப் பதிலா பெல்ட்டும் புலியும் வச்ச ஒடோ கியர்) இல்லாததால இன்னைக்கும் தைரியமா வாங்கலாம். ஆனா வயசு போன வண்டி. மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, ஒயில் குடிக்கிறது. காலையில குளிர்ந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ணும்போது ஒருத்தர் சைலன்சர் பக்கம் நிக்கணும். ஸ்டார்ட் ஆன உடனே நீலப் புகை வந்து அப்புறம் மறைஞ்சா வால்வ் சீல். ஓடிட்டிருக்கும்போது அக்சிலரேட்டர் குடுத்தா நீலமா வந்தா பிஸ்டன் ரிங். சீல்னா தலைய கழட்டாமலே மாத்த வழி இருக்கு. ரிங்குன்னா எஞ்சின் இறங்கணும். அந்தச் செலவுக்கு வண்டி பெறுமான்னு யோசிங்க. வருஷா வருஷம் புகைப் பரிசோதனையில மாட்டுறதும் இதாலதான்.

ரெண்டாவது, நடுவில இருக்கிற டிஜிட்டல் மீட்டர். பழசானா மங்கும், சில நேரம் முழுசா அணையும். சர்க்கியூட் போர்ட்ல ஈயப் பத்து வெடிச்சிருக்கும், திரும்பப் பத்து வச்சா பல நேரம் சரியாகிடும். சிலர் வேற மீட்டரை வாங்கி மாட்டிடுவாங்க. ஓடின கிலோமீற்றர் அந்த மீட்டருக்குள்ளதான் இருக்கு, மீட்டர் மாறினா எண்ணும் மாறிடும். அதனால எஸ்சீபி10ல காட்டுற மைலேஜ நம்பாதீங்க. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், ட்ரைவர் சீட் ஓரம் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க.

மூணாவது துரு. வெள்ளவத்தை, தெகிவளை கடல் பக்கம் ரோட்டோரத்தில நின்ன வண்டின்னா, ஜாக்கில தூக்காம காசு குடுக்காதீங்க. பின் பீம், ஜாக் வைக்கிற விளிம்பு, பின் கதவின் அடி ஓரம், ஸ்பெயார் வீல் குழி.

நானா_கார்பேச்சு:
தம்பி, முதல் ஷேப்புல 1.3யும் வந்திச்சு, ஆர்எஸ்னு 1.5யும் வந்திச்சு. பிந்தி வந்த 1.3 சிலதுல சீவீடீயும் இருக்கு. அப்ப 'பழைய ஷேப்னா சீவீடீ இல்ல'ன்னு கண்ண மூடிக்கிட்டு வாங்கிடாதீங்க. எஸ்சீபி13னு இருந்தா கேட்டுப் பாருங்க.

தெகிவளை_ஓட்டி:
நன்றி அண்ணாமார். என்ர காசுக்கு அனேகமா ரெண்டாவது ஷேப்தான் வரும் போல. அதில 1.0 நல்லமோ, 1.3 நல்லமோ?

2எஸ்செட்_ஆள்:
1.3 எடுங்க, யோசிக்கவே வேணாம். எஸ்சீபி90. 2எஸ்செட், 1296 சீசீ, நாலு சிலிண்டர். டைஹட்சு கே3 எஞ்சினின் வழியில வந்தது, செயின். 1.0 எடுத்தா சிவப்பு விளக்குல நிக்கும்போது ஸ்டியரிங்கே நடுங்கும். நாலு பேரோட ஏசி போட்டுக் கடுகண்ணாவை ஏத்தம் ஏறும்போது எஞ்சின் கத்துற சத்தத்துல பேச முடியாது. 1.0ல பெற்றோல் மிச்சம்னு சொல்வாங்க. ஏத்தத்துல மிதிச்சு மிதிச்சு ஓட்டினா அந்த மிச்சமும் போயிடும்.

கொட்டாஞ்சேனை_ஸ்பனர்:
நடுக்கம் உண்மைதான். ஆனா அத நோயா பார்க்கக் கூடாது. 1கேஆர் மூணு சிலிண்டர், 996 சீசீ, பாலன்ஸ் ஷாஃப்ட் இல்லை. பிறவியிலேயே கொஞ்சம் நடுங்கும். கேள்வி என்னன்னா, அளவா நடுங்குதா, அளவுக்கு மேலயா.

சோதிக்கிற முறை: எஞ்சின் சூடாகட்டும். கைபிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்தி, கியர டீல (ட்ரைவ்) போட்டு, ஏசிய ஒண் பண்ணுங்க. பிறகு என்னுக்கு (நியூட்ரல்) எடுங்க. டீலயும் என்லயும் லேசான வித்தியாசம்தான்னா சரி. டீல கதவுப் பலகை, டாஷ்போர்ட் எல்லாம் அதிர்ந்து, என்ல நல்லா குறைஞ்சா எஞ்சின் மவுண்ட் (எஞ்சினத் தாங்குற ரப்பர்) போயிருக்கு. பெல்ட் பக்கத்து மவுண்டுக்குள்ள திரவம் இருக்கும், அது வெடிச்சா கசிஞ்சு கறுப்பா தெரியும். கீழ பின் பக்கம் ஒரு டோர்க் ரொட் இருக்கு, அதோட ரப்பரையும் ஒரு கம்பியால நெம்பிப் பாருங்க. ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரி நடுங்கி, ஐடிலும் (வண்டி நிக்கும்போது எஞ்சின் ஓடுற வேகம்) ஏறி இறங்கினா மவுண்ட மாத்திப் பிரயோஜனம் இல்லை. த்ரொட்டில் அழுக்கு, இல்லாட்டி ஒரு கொயில், ப்ளக் போயிருக்கு. மூணுல ஒண்ணு வேலை செய்யலன்னா வண்டி உடனே காட்டிக் குடுக்கும்.

த்ரொட்டில் கழுவுறவங்களுக்கு: சாவிய ஓஃப் பண்ணி, பற்றரி நெகட்டிவ்வ கழட்டிட்டு செய்யுங்க. ஸ்ப்ரேய துணியில அடிச்சுத் துடைங்க. தட்டை விரலால வேகமா தள்ளாதீங்க, உள்ள மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் இருக்கு. பூட்டினதும் எஞ்சின பத்து நிமிஷம் ஏசி இல்லாம, அப்புறம் கொஞ்ச நேரம் ஏசியோட ஐடில்ல விடுங்க. புது நிலைய கம்ப்யூட்டர் திரும்பப் படிக்கணும். இத செய்யாம வெளிய எடுத்துட்டு 'கழுவினதுக்கு அப்புறம் ஐடில் கெட்டுப் போச்சு'ன்னு திரும்பி வருவாங்க.

1கேஆர்ல அடிக்கடி போற பாகம் வோட்டர் பம்ப். எஞ்சின் ஆறியிருக்கும்போது டோர்ச் அடிச்சு பெல்ட் பக்கம் பாருங்க. பம்புக்குக் கீழ காய்ஞ்ச ரோஸ் நிறப் பொருக்கு தெரிஞ்சா கசிவு தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். அது ஒழுகி ஒழுகி கூலன்ட் குறையும். நம்மாளுங்க பைப் தண்ணி ஊத்துவாங்க, றேடியேற்றருக்குள்ள துரு பிடிக்கும், கடைசியில ஹெட் கேஸ்கட். இதெல்லாம் ஒரே சங்கிலி. ரோஸ் கூலன்ட் போட்ட வண்டிக்கு ரோஸ் கூலன்ட்டே ஊத்துங்க. ரிசேர்வ் போத்தல்ல செம்மண் கலர் தண்ணி இருந்தா, அந்த வண்டிய அங்கேயே விட்டுட்டு வாங்க.

சேசி_தட்டு:
1.0தான் இங்கே நிறைய வந்தது. 1000 சீசீக்குக் குறைந்தால் வரித்தட்டும் வேறு என்ற காலம் இருந்தது. சீசீ எல்லைக்கு நான்கே நான்கு சீசீ குறைவாக எஞ்சின் இருப்பது நம் சந்தைக்கென்றே அளந்து செய்தது போலிருக்கும். கொழும்பில் 1.0க்கு இருக்கிற மவுசில் பாதிக்கு மேல் வரியின் வேலை என்றுதான் நான் சொல்வேன்.

2எஸ்செட் அண்ணர் சொன்ன கடுகண்ணாவைக் கதையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவரின் ஓட்டம் காலி வீதி. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஊர்ந்து போக 71 குதிரைவலு தாராளம். மாதத்தில் பெரும்பகுதி மலையேறுகிறவருக்குத்தான் 1.3.

பஞ்சிகாவத்தை_பக்கம்:
பாகத்தையும் யோசிக்கணும். பஞ்சிகாவத்தையில 1கேஆர் சாமான் தேடினா கடைக்குக் கடை இருக்கும், பாவிச்ச ஜப்பான் எஞ்சின் கியர்பொக்ஸோட சேர்த்தே கிடைக்கும். 2எஸ்செட்டுக்கும் கிடைக்கும், ஆனா தேடணும். ரயர் ரெண்டுக்கும் 165/70ஆர்14 அளவு பரவலா இருக்கு. முதல் ஷேப் 1.0ல 155/80ஆர்13. சில்லு நட் நாலு, நூறு மி.மீ. வட்டம். நட் இறுக்குற அளவு 103 நியூட்டன் மீற்றர். ரயர் கடையில கம்ப்ரெசர் துப்பாக்கியால அடிச்சு விட்டா ஸ்டட் நீண்டுடும், டிஸ்க்கும் வளைஞ்சு பிரேக் பிடிக்கும்போது பெடல் துடிக்கும். கடைசி இறுக்கு கையாலதான்னு சொல்லுங்க.

சேசி_தட்டு:
இரண்டாவது ஷேப் வாங்குகிறவர் எவரும் தவறவிடக் கூடாத விசயம் ஒன்று: ஏர்பேக். உலகம் முழுவதும் திருப்பியழைக்கப்பட்ட தகாட்டா நிறுவன ஏர்பேக் பட்டியலில் இந்தத் தலைமுறை விட்ஸும் யாரிஸும் உண்டு. பையை ஊதவைக்கும் உலோகக் குப்பிக்குள் அமோனியம் நைத்திரேட் இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டிலும் ஈரப்பதத்திலும் கிடந்தால் அது சிதைந்து, ஊத வேண்டிய நேரத்தில் அளவுக்கு மீறி வேகமாக எரியும். குப்பி வெடித்து உலோகத் துண்டுகள் முகத்துக்கு வரும். சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் ஆபத்து அதிகம். கொழும்பைவிட அதற்குப் பொருத்தமான ஊர் வேண்டுமா?

ஜப்பான் டொயோட்டா இணையத்தளத்தில் சேசி இலக்கத்தைப் போட்டால் அந்த வண்டிக்குத் திருப்பியழைப்பு உண்டா, வேலை முடிந்ததா என்று தெரியும். பக்கம் ஜப்பானிய மொழியில்தான். எழுத்துகளும் எண்ணும் மட்டும் போடவேண்டியிருப்பதால் சிரமம் இல்லை. வேலை முடியாத வண்டி என்றால் வத்தளையில் டொயோட்டா லங்காவிடம் சேசி இலக்கத்தோடு போய்க் கேளுங்கள். பாவித்த ஏர்பேக்கை வாங்கி மாட்டுவது மட்டும் வேண்டாம், அதுவும் அதே வயது, அதே குப்பி.

இன்னொரு சோதனைக்குக் காசு செலவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஒண் நிலையில் வையுங்கள். ஏர்பேக் விளக்கு சில செக்கன் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், விளக்கையே யாரோ கழற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் அடிபட்டு ஏர்பேக் வெளியே வந்து, திரும்பப் போடாமல் மூடிய வண்டி.

நானா_கார்பேச்சு:
அடிபட்ட வண்டின்னதும் ஞாபகம் வருது. ஏலத்தாள் (ஜப்பான் ஏலத்துல வண்டியப் பார்த்து தரம் எழுதின தாள்) காட்டினா தரத்தப் பாருங்க. 4, 4.5ன்னு இருந்தா சரி. ஆர் அல்லது ஆர்ஏன்னு போட்டிருந்தா ஜப்பான்லயே அடிபட்டுத் திருத்தினது. தாளில உள்ள சேசி இலக்கமும் வண்டியில உள்ளதும் ஒண்ணான்னு பார்க்காம தாள நம்பாதீங்க. தாள் அடிக்கிறது பெரிய வேலை இல்ல.

தெகிவளை_ஓட்டி:
ஏர்பேக் கதை எனக்குத் தெரியாது, பெரிய உதவி. சீவீடீ பற்றித்தான் எல்லாரும் பயமுறுத்துறாங்கள். அது உண்மையோ?

கொட்டாஞ்சேனை_ஸ்பனர்:
சீவீடீ தானா சாகிறது குறைவு. ஒயில்லதான் கொல்றாங்க.

இரும்பு பெல்ட் ஒண்ணு ரெண்டு கூம்புப் புலிக்கு நடுவுல அழுத்தத்தில மட்டும் பிடிச்சு ஓடுது. அந்தப் பிடி ஒயிலோட தன்மையிலதான் இருக்கு. ரெண்டாவது ஷேப்புக்கு டொயோட்டா சீவீடீ ஒயில் டீசீ. மூணாவது ஷேப்புக்கு எஃப்இ. ரெண்டும் வேற, கலக்கக் கூடாது. முதல் ஷேப்புக்கு ஊத்துற டீ-ஃபோர சீவீடீக்கு ஊத்தினா பெல்ட் வழுக்கி, புலியில கோடு விழும். அதுக்கப்புறம் சரியான ஒயில ஊத்தினாலும் கோடு போகாது.

மாத்துற முறை: வண்டிய மட்டமா நிறுத்தி, கீழ நட்டத் திறந்து வடிய விடுங்க. வந்தத அளந்து வைங்க. ஒரு தடவைக்கு மொத்த ஒயிலும் வராது, கொஞ்சம் உள்ளேயே தங்கும். வந்த அளவு புது ஒயில் ஊத்தி, பி, ஆர், என், டீன்னு ஒவ்வொண்ணா மாத்தி நிறுத்தி, கடைசியில மட்டத்தப் பாருங்க. டிப்ஸ்டிக் இல்லாத கியர்பொக்ஸ்ல ஒயில் சூடு 35க்கும் 45 பாகைக்கும் நடுவுல இருக்கும்போது வழிவு நட்டத் திறந்து, மெல்லிசா வழிஞ்சு நிக்கிற மாதிரி விடணும். சூடு பார்க்க ஸ்கேனர் வேணும். கண்ணால பார்த்து சொல்றவர்கிட்ட இந்த வேலைய குடுக்காதீங்க. மெஷின் வச்சு அழுத்தி 'ஃப்ளஷ்' பண்றதும் வேணாம், அடியில படிஞ்ச தூள் எல்லாம் கிளம்பி வால்வ்ல அடைக்கும். கொழும்பு நெரிசலுக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா வடிச்சு ஊத்துறது என் கணக்கு.

வாங்கும்போது: மட்டமான ரோட்டில 20ல இருந்து 50 வரைக்கும் மெதுவா, அக்சிலரேட்டர அசைக்காம ஏத்துங்க. மேடு பள்ளமான ரோட்டில ஓடுற மாதிரி ஒரு தடதடப்பு வந்தா வேணாம். அப்புறம் சூடான நிலையில டீல இருந்து ஆர்க்கு மாத்துங்க. ஒரு செக்கனுக்குள்ள பிடிக்கணும், பிடிக்கும்போது 'டக்'னு உதைக்கக் கூடாது. குளிர்ந்த வண்டியில இந்தச் சோதனை ஒண்ணும் காட்டாது. விற்கிறவர் 'இப்பதான் கழுவினேன், கொஞ்ச தூரம் போதுமே'ன்னா, போதாதுன்னு சொல்லுங்க.

மலையில இறங்கும்போது கியர 'B'ல (எஞ்சின் பிரேக் நிலை, பார்க் பண்ற 'P' இல்லை) போடுங்க. பின்னால ட்ரம் பிரேக், முன்னால சின்ன டிஸ்க். கடுகண்ணாவை இறக்கம் முழுக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காது.

2எஸ்செட்_ஆள்:
மூணாவது ஷேப்பப் பத்தி ஒருத்தரும் பேசலயே. அது ஏன் அவ்வளவு பிளாஸ்டிக்? 90ல இருந்து 130க்கு மாறினா இறங்கி வந்த மாதிரி இருக்கு.

சேசி_தட்டு:
உள்ளே தொட்டுப் பார்த்தால் அப்படித்தான். 130 வரும்போது மூன்று கதவு வண்டி நின்றுபோனது. பத்து வருடத்துக்கு மேல் விட்ஸின் அடையாளமாக நடுவில் இருந்த மீட்டர் ட்ரைவருக்கு முன்னால் வந்தது. முன் கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். இந்த ஒற்றை வைப்பர் எனக்குப் பிடித்ததே இல்லை. ஒக்டோபர் மழையில் அந்த ஒரு கையின் நட் தளர்ந்தால் மாற்றுக்கு ஒன்றும் கிடையாது. மழைக்கு முன் மூடியைக் கழற்றி நட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

2014 ஏப்ரல் முகமாற்றம்தான் இந்த ஷேப்பில் முக்கியம். வெளியில் முகம் மட்டும் மாறினது போலத் தெரியும், எஞ்சின்களே மாறின. 1.0க்கு அமுக்க விகிதம் 11.5, ஐடில் ஸ்டொப் (வண்டி நிற்கும்போது எஞ்சின் தானே அணைவது). 1.3க்கு 1என்ஆர்-எஃப்கேஇ, 1329 சீசீ, 99 குதிரைவலு, அமுக்க விகிதம் 13.5. ஜேசி08 என்ற ஜப்பானிய எரிபொருள் சோதனை முறையில் லீற்றருக்கு 1.0க்கு 24.0, 1.3க்கு 25.0 கி.மீ. என்று டொயோட்டா சொன்னது. சிறிய எஞ்சினைவிடப் பெரிய எஞ்சின் குறைவாகக் குடிக்கிறது என்று டொயோட்டாவே எழுதிக் கொடுத்ததைக் கவனியுங்கள். அந்த எண்கள் காலி வீதியில் வராது. ஆனால் 2014க்குப் பிந்திய 130 வாங்கப் போகிறவருக்கு 1.3 கிடைத்தால் அதை விடாதீர்கள். இந்த இடத்தில் மட்டும் நான் 2எஸ்செட் அண்ணர் பக்கம்.

நானா_கார்பேச்சு:
13.5ன்னா 95 பெற்றோல்தானே அடிக்கணும்? 92 அடிச்சா நொக்கிங் வராதா?

சேசி_தட்டு:
வராது. அது அட்கின்சன் முறை எஞ்சின். உள்ளிழுக்கும் வால்வைப் பிந்தி மூடுவதால், இழுத்த காற்றில் ஒரு பங்கு திரும்பி வெளியே போன பிறகுதான் அமுக்கம் தொடங்கும். 13.5 என்பது விரிவுக்கான எண். உண்மையில் அமுக்கப்படுவது அதைவிடக் குறைவு. போதாததற்கு எரிந்து வெளியேறும் வெளிவாயுவைக் குளிர்வித்துத் திரும்ப உள்ளே விட்டு எரிசூட்டையும் குறைக்கிறார்கள். ஜப்பானின் சாதாரண பெற்றோலே ஏறக்குறைய 90 ஒக்டேன்தான், இந்த எஞ்சின் அதற்கே செய்தது. 92 போதும்.

கொட்டாஞ்சேனை_ஸ்பனர்:
அந்த வெளிவாயு வழியிலதான் கரி சேரும், குறிப்பா சின்னத் தூரம் மட்டும் ஓடுற வண்டியில. ஐடில் தடுமாறினா த்ரொட்டிலோட அந்த வழியில இருக்கிற இஜிஆர் வால்வையும் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

ஐடில் ஸ்டொப் வண்டிக்கு சாதாரண பற்றரி போடாதீங்க. பற்றரி மேல எம்-42, என்-55 மாதிரி குறி இருந்தா அது ஐடில் ஸ்டொப்புக்குன்னு செஞ்சது, அதே குறியிலதான் மாத்தணும். சாதாரணது போட்டா கொஞ்ச மாசத்தில சார்ஜ் நிக்காது. அதுக்கு முன்னாடியே ஐடில் ஸ்டொப் வேலை செய்யறத நிறுத்திடும். 'ஐடில் ஸ்டொப் ஓஃப்ல வச்சு ஓட்டுங்க, எஞ்சினுக்கு நல்லது'ன்னு விற்கிறவர் சொன்னா, பற்றரி செத்துப் போச்சுன்னு நினைச்சுக்குங்க.

தெகிவளை_ஓட்டி:
ஹைபிரிட் விட்ஸ், பிறகு வந்த யாரிஸ்?

சேசி_தட்டு:
ஹைபிரிட் 2017 ஜனவரியில், என்எச்பி130. டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட் காரான அக்குவாவில் இருக்கும் அதே 1.5 அமைப்பு, ஜேசி08இல் 34.4. அக்குவா பார்க்கத் தெரிந்த கராஜுக்கு இதுவும் தெரியும். பின் சீட்டின் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும், அதைப் பையால் மூடாமல், தூசு தட்டி வைத்தால் பாதி வருத்தம் போய்விடும்.

யாரிஸ் ஜப்பானில் வந்தது 2020 பெப்ரவரி. மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் கொழும்பில் கைமாறிக்கொண்டிருந்தது பழைய விட்ஸ்தான், அதனால்தான் 2018 'சேஃப்டி எடிஷன்' விலை இன்னும் இறங்க மறுக்கிறது. யாரிஸின் அடித்தளம் முழுக்கப் புதியது, இந்த இழையில் சொன்ன பல பாகங்கள் அதற்குப் பொருந்தாது.

பஞ்சிகாவத்தை_பக்கம்:
வெள்ளத்துல நின்ன வண்டியப் பத்தியும் சொல்லணும். 2016 மே மாசம் கொலன்னாவை, களனிப் பக்கம் தண்ணிக்குள்ள நின்ன கார்கள் கழுவி மெழுகி விற்பனைக்கு வந்திச்சு. அதுக்குப் பிறகும் எத்தனையோ மழை. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, சுருளோட அடிப்பகுதியில சேத்துக் கோடு இருக்கும். அத யாரும் கழுவ மாட்டாங்க. ஸ்பெயார் வீல் குழியில மணல், சீட் தண்டவாள போல்ட்ல துரு, கார்ப்பெட்டுக்கு அடியில வயர் கனெக்டரில பச்சை. இதுல ரெண்டு இருந்தா விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேணாம்.

தெகிவளை_ஓட்டி:
கேஎஸ்பி90 ஒண்டு பார்க்கப் போறன், சேசி இலக்கம் கேட்டு வாங்கிட்டன். ஏசிக் காத்து குறைவாம், காஸ் அடிச்சாச் சரியாம் எண்டு விற்கிறவர் சொல்லுறார்.

கொட்டாஞ்சேனை_ஸ்பனர்:
காத்து குறையறதுக்கும் காஸுக்கும் சம்பந்தம் இல்லை. காஸ் குறைஞ்சா காத்து வரும், குளிர் வராது. காத்தே குறைவுன்னா முதல்ல ஃபில்டரப் பாருங்க. டாஷ்போர்ட்ல க்ளவ் பொக்ஸ திறந்து, உள்ள இருக்கிற சாமான எடுத்துட்டு, பக்கத்து நிறுத்தியக் கழட்டி, ரெண்டு பக்கச் சுவரையும் உள்பக்கம் அமுக்குங்க, முழுசா கீழ இறங்கும். பின்னால நீளமா ஒரு மூடி இருக்கும், ரெண்டு ஓரத்தையும் அமுக்கி இழுத்தா ஃபில்டர் வெளிய வரும். இலையும் தூசும் அடைச்சு கறுப்பா இருந்தா அதுதான் காரணம். புதுச போடும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் இருந்திச்சுன்னு பார்த்து அதே மாதிரி போடுங்க.

ஃபில்டர் இல்லாம வெறும் பள்ளமா இருந்தா யாரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க. அப்ப அழுக்கு நேரா உள்ள கூலிங் கொயில்ல போய்ப் படிஞ்சிருக்கும், அதக் கழுவ டாஷ்போர்ட்ட இறக்கணும். அந்தக் கூலிய விலையில குறைச்சுக் கேளுங்க. ஃபேன் நாலு வேகத்திலயும் ஓடுதான்னும் பாருங்க. கடைசி வேகத்தில மட்டும் ஓடினா ரெசிஸ்டர்தான், சின்னச் செலவு.

நானா_கார்பேச்சு:
இன்னொண்ணு தம்பி. வாங்கின பிறகு எங்கயாவது நின்னு போச்சுன்னா, சீவீடீ வண்டிய கயிறு கட்டி முன் சில்லு நிலத்துல உருள இழுக்க விடாதீங்க. எஞ்சின் ஓடலன்னா கியர்பொக்ஸ் உள்ள ஒயில் பம்பும் ஓடாது, பெல்ட் காய்ஞ்சு உரசும். முன் சில்ல தூக்கித்தான் இழுக்கணும், இல்லாட்டி முழுசா ஏத்துற தட்டு லொறி கூப்பிடுங்க.